எண் இருக்கிறது, குறுக்கீடு வரவில்லை

மடிக்கணினியின் பக்கவாட்டுத் துளையில் ஒரு நெட்வொர்க் அட்டையைச் செருகுகிறோம். லினக்ஸ் அதை உடனே அடையாளம் காண்கிறது. தயாரித்த நிறுவனத்தின் பெயர், மாதிரி எண், ஆறு பைட் வன்பொருள் முகவரி எல்லாம் பிழையின்றித் திரையில் வருகின்றன. ஐஆர்க்யூ 11 ஒதுக்கப்பட்டதாக ஒரு வரியும் தெரிகிறது. ஆனால் பிங் கொடுத்தால் பதில் இல்லை. சில நொடிகளில் இயக்கி புகார் எழுதத் தொடங்குகிறது. என்இ2000 வகை அட்டைகளின் இயக்கி, குறுக்கீடு தொலைந்துவிட்டதோ என்று கேள்வியாகக் கேட்கும். த்ரீகாம் அட்டைகளின் இயக்கி இன்னும் தெளிவாக, குறுக்கீடு எழுப்பப்பட்டது, வந்து சேரவில்லை, வேறொரு சாதனம் ஐஆர்க்யூவைத் தடுக்கிறதா என்று எழுதிவிடும்.

1990-களின் நடுவிலிருந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி பயனர்களை மிகவும் அலைக்கழித்த வன்பொருள் சிக்கல்களில் இது ஒன்று. பிசி கார்டு துளைகள் புதிய மடிக்கணினிகளிலிருந்து மறைந்துவிட்டன. சிக்கலின் வேர் மறையவில்லை. எக்ஸ்பிரஸ்கார்டு, தண்டர்போல்ட் பெட்டி, எம்.2 அட்டை என வடிவம் மாறி அதே கேள்வி திரும்ப எழுகிறது: அட்டை எழுப்பும் அழைப்பு எந்த வழியாகச் செயலியை அடைகிறது, அந்த வழி கர்னலுக்கு எப்படித் தெரியும்? என் கருத்தில் இந்தச் சிக்கலில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி, திரையில் தெரியும் ஐஆர்க்யூ எண்ணை அப்படியே நம்புவதால் போகிறது. எண் என்பது யாரோ எழுதி வைத்த குறிப்பு. வழி என்பது மதர்போர்டில் பற்றவைத்த கம்பியும் சில சில்லுகளின் அமைப்பும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பதினைந்து கம்பிகளின் பற்றாக்குறை

1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8259 சில்லு ஒன்றுதான். அதற்கு எட்டுக் குறுக்கீட்டுக் கம்பிகள். 1984-ல் வந்த ஏடி மாதிரியில் இரண்டாவது 8259-ஐ முதலாவதின் ஒரு காலில் இணைத்தார்கள். பயன்படுத்தக்கூடிய கம்பிகள் பதினைந்தாயின. கடிகாரத்துக்கு 0, விசைப்பலகைக்கு 1, தொடர் துறைகளுக்கு 3-ம் 4-ம், நெகிழ்வட்டுக்கு 6, அச்சுப்பொறிக்கு 7, நாள்காட்டிக் கடிகாரத்துக்கு 8, சுட்டிக்கு 12, கணிதச் செயலிக்கு 13, வட்டுகளுக்கு 14-ம் 15-ம் போய்விட்டால் மிஞ்சுபவை 5, 9, 10, 11. ஒலிச் சில்லு வழக்கமாக 5-ஐ எடுத்துக்கொள்ளும். இந்த மிச்சத்தில்தான் மடிக்கணினியின் விரிவாக்க அட்டைகள் பிழைக்க வேண்டியிருந்தது.

பிசிஎம்சிஐஏ அமைப்பு 1989-ல் தொடங்கியது. மறு ஆண்டு வந்த முதல் வரையறை நினைவக அட்டைகளுக்கானது. 1991-ல் வந்த 2.0 வரையறைதான் மோடம், நெட்வொர்க் போன்ற அட்டைகளுக்கு இடம் கொடுத்தது. அட்டையின் 68 ஊசிகளில் குறுக்கீட்டுக்கு உரியது ஒன்றுதான், 16-வது ஊசி. நினைவக அட்டையில் ‘நான் தயார்’ என்று சொல்லும் அதே ஊசி, பிற அட்டைகளில் குறுக்கீட்டு ஊசியாகிறது. தான் எந்த ஐஆர்க்யூ எண்ணில் ஒலிக்கிறோம் என்பது அட்டைக்குத் தெரியாது. அதைத் தீர்மானிப்பது சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் கட்டுப்படுத்திச் சில்லு. இன்டெல் 82365எஸ்எல் இதற்கு ஒரு மாதிரி வகுத்தது. அதன் ரிஜிஸ்டர் ஒன்றில் நான்கு பிட்டுகளை எழுதினால் அட்டையின் ஊசி அந்த எண்ணுள்ள ஐஎஸ்ஏ கம்பியோடு இணையும். பிற நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த மாதிரியையே பின்பற்றின. ஆனால் சில்லுக்கு வெளியே அந்தக் கம்பி உண்மையில் இழுக்கப்பட்டிருக்கிறதா என்பது மடிக்கணினி தயாரிப்பாளருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. ரிஜிஸ்டரில் 9 என்று எழுதலாம், திரும்பப் படித்தால் 9 என்றே வரும். 9-வது கம்பி எங்கும் போகாமல் நின்றிருந்தால் சில்லு அதைச் சொல்லாது.

1995-ல் கார்ட்பஸ் வந்தது. அதே துளை, 32 பிட் அகலம், 33 மெகாஹெர்ட்ஸ் வேகம், உள்ளே பிசிஐ நடைமுறை. இதனால் ஒரே துளைக்கு இரண்டு விதக் குறுக்கீடு வந்து சேர்ந்தது. பழைய 16 பிட் அட்டை ஐஎஸ்ஏ வழக்கப்படி விளிம்பு வகைக் குறுக்கீடு எழுப்பும். கம்பியின் நிலை மாறும் அந்தக் கணம்தான் செய்தி. பிசிஐ மட்ட வகை. சாதனத்தைக் கவனிக்கும்வரை கம்பி தாழ்ந்தே இருக்கும். ஒரே அழைப்பு மணியைப் பல குடித்தனங்கள் பகிர்வது போல மட்ட வகைக் கம்பியைப் பல சாதனங்கள் பகிரலாம். மணி ஒலித்தால் கர்னல் ஒவ்வோர் இயக்கியையும் அழைத்து ‘உன் சாதனமா’ என்று கேட்டுக்கொள்ளும். விளிம்பு வகையில் இரண்டு சாதனங்கள் நெருக்கமாக அழைத்தால் இரண்டாவது அழைப்பு தொலைந்துபோகலாம். ஒரு கம்பி விளிம்பா மட்டமா என்பதைச் சில்லுத் தொகுதியின் வேறொரு ரிஜிஸ்டர் ஜோடி வைத்திருக்கும். அது தவறாக இருந்தால் அட்டை ஒரே ஒரு குறுக்கீட்டோடு ஊமையாகிவிடும், அல்லது முடிவில்லாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

பகிர்வு பிசிஐயில் முறையான வழக்கம். 2000-ஐ ஒட்டிய திங்க்பேடுகளில் வரைகலை, ஒலி, யுஎஸ்பி, கார்ட்பஸ் எல்லாமே ஐஆர்க்யூ 11-ல் கூடியிருப்பது சாதாரணக் காட்சி. அதைப் பார்த்து மோதல் என்று பதறத் தேவையில்லை. 16 பிட் அட்டை ஒன்று விளிம்பு வகையில் அதே எண்ணைக் கேட்டால்தான் பதற வேண்டும்.

கர்னல் யாரை நம்புகிறது

பிசிஐ சாதனம் ஒவ்வொன்றும் ஏ முதல் டி வரையிலான நான்கு குறுக்கீட்டு ஊசிகளில் ஒன்றையோ பலவற்றையோ பயன்படுத்துகிறது. மதர்போர்டில் அந்த ஊசிகள் வழிப்படுத்திச் சில்லு ஒன்றை அடைகின்றன. இன்டெல்லின் பிக்ஸ் வரிசைச் சில்லுகளில் இதற்கு நான்கு உள்ளீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிஜிஸ்டர், அதில் எழுதப்படும் எண்தான் 8259-ன் எந்தக் காலில் போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிக்கிறது. ரிஜிஸ்டரை கர்னலே படிக்கலாம், மாற்றலாம். ஆனால் கார்ட்பஸ் துளையின் ஏ ஊசி இந்த நான்கு உள்ளீடுகளில் எதோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது? மென்பொருளால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்று இது. தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும்.

அவர்கள் சொல்லும் முதல் இடம் ஒவ்வொரு பிசிஐ சாதனத்தின் அமைப்புப் பரப்பில் அறுபதாவது பைட். பயாஸ் அதில் ஐஆர்க்யூ எண்ணை எழுதி வைக்கும். அடுத்த பைட்டில் எந்த ஊசி என்பது இருக்கும். எல்எஸ்-பிசிஐ கட்டளை காட்டும் எண்ணுக்கு மூலம் பழைய கணினிகளில் பெரும்பாலும் இதுதான். இந்த பைட்டை மாற்றினால் கம்பி மாறாது. வன்பொருள் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இயக்கி எழுதுபவருக்கு பயாஸ் விட்டுச்செல்லும் குறிப்பு மட்டுமே. அதில் 0 அல்லது 255 இருந்தால் பயாஸ் இந்தச் சாதனத்தைக் கவனிக்கவே இல்லை என்று பொருள். பயாஸ் அமைப்பில் ‘பிளக் அண்ட் பிளே இயங்குதளம்’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று வைத்திருந்தால், துவக்கத்துக்குத் தேவையில்லாத சாதனங்களை பயாஸ் அப்படியே விட்டுவிடும். பழைய மடிக்கணினிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் வகுத்த வழிப்பட்டியல். பயாஸ் நினைவகத்தின் கடைசி 64 கிலோபைட்டில் டாலர் குறியோடு பிஐஆர் என்ற மூன்றெழுத்தைத் தேடினால் கிடைக்கும். ஒவ்வொரு சாதனத்தின் ஒவ்வோர் ஊசியும் எந்த இணைப்பில் சேர்கிறது, அந்த இணைப்புக்கு எந்த எண்கள் பொருந்தும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நேர்மையாக நிரப்பியிருந்தால் அருமையான ஏற்பாடு. நிரப்பாதவர்கள் பலர். கார்ட்பஸ் துளையை பிசிஐயோடு இணைக்கும் பாலச் சில்லுக்கு வரியே இல்லாத பட்டியல்கள் உண்டு. அத்தகைய கணினியில்தான் லினக்ஸ், இந்தச் சாதனத்தின் ஏ ஊசிக்கு ஐஆர்க்யூ எதுவும் தெரியவில்லை, ‘பிசிஐ=பயாஸ்ஐஆர்க்யூ’ கொடுத்துப் பாருங்கள் என்று எழுதும். அந்த அளபுரு, பட்டியலை நினைவகத்தில் தேடுவதை விட்டு, பயாஸின் சேவை அழைப்பு வழியாகவே கேட்டு வாங்கச் சொல்கிறது. சில கணினிகளில் நினைவகத்தில் இல்லாத தகவல் அந்த அழைப்பில் கிடைத்ததுண்டு. சில பயாஸ்கள் அந்த அழைப்பிலேயே உறைந்துபோனதும் உண்டு. அதனால்தான் லினக்ஸ் தானாக அதைச் செய்வதில்லை.

மூன்றாவது ஏசிபிஐ. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 இறுதியில் முதல் வரையறையை வெளியிட்டன. இங்கே வெறும் பட்டியலுக்குப் பதிலாக, பயாஸுக்குள் இருக்கும் சிறு நிரலை கர்னல் இயக்கிப் பார்க்கிறது. ஊசிக்கு எந்த இணைப்பு என்று ஓர் அட்டவணை, அந்த இணைப்பு ஏற்கக்கூடிய எண்கள், இப்போதைய எண், புதிய எண்ணை அமைக்கும் செயல்கூறு என்று எல்லாம் அதில் இருக்கும். லினக்ஸ் துவங்கும்போது எல்என்கேஏ, எல்என்கேபி என்ற பெயர்களுக்கு எதிரே எண்களை அடுக்கி ஒன்றுக்கு மட்டும் நட்சத்திரம் போடும் அல்லவா, அந்த நட்சத்திரம்தான் இப்போதைய எண். கர்னல் ஓர் எண்ணை அமைத்துவிட்டு இப்போது என்ன என்று கேட்டால், சில பயாஸ்கள் பழைய எண்ணையே சொல்லும். எண் மாறவில்லையா, பதில்தான் தவறா என்று கர்னல் ஊகிக்க வேண்டியதாகிறது.

எதுவும் சரியாக இல்லாதபோது கர்னல் எழுதுபவர்கள் சில்லுத் தொகுதிகளைத் தனித்தனியாக அறிந்து குறியீட்டில் சேர்த்தார்கள். லினக்ஸின் பிசிஐ வழிப்படுத்தல் கோப்பைத் திறந்தால் இன்டெல், வியா, சிஸ், ஏஎல்ஐ, சைரிக்ஸ், ஆப்டி என ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு செயற்கூறு இருப்பதைக் காணலாம். அவை ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவர் கையில் வேலை செய்யாத ஓர் அட்டை இருந்திருக்கிறது. இந்த வரலாற்றில் நான் பெரிதும் மதிக்கும் பகுதி அதுதான்.

பாலச் சில்லுகளின் குணங்கள்

வழிப்படுத்தி சரியாக இருந்தாலும் அதற்கு முன் ஒரு தாண்டல் இருக்கிறது. அதுதான் கார்ட்பஸ் பாலம். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 1130 முதல் 1225, 1410, 1420 வரையிலான வரிசை, ரிகோவின் 475-ம் 476-ம், தோஷிபாவின் டாப்பிக் 95, 97, 100, ஓ2மைக்ரோ, ஈஎன்ஈ ஆகியவை பரவலாக இருந்தவை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ரிஜிஸ்டர் அமைப்புக்கு யென்டா என்று பெயர். லினக்ஸ் 2.4 பதிப்போடு 2001 ஜனவரியில் வந்த யென்டா இயக்கியை முதலில் எழுதியவர் லினஸ் டோர்வால்ட்ஸே.

பாலம் இரண்டு வகைக் குறுக்கீடுகளை எழுப்புகிறது. இதைப் பிரித்தறிவதுதான் பாதித் தீர்வு. ஒன்று நிலைமாற்றக் குறுக்கீடு. அட்டை செருகப்பட்டது, பிடுங்கப்பட்டது என்று பாலமே சொல்வது. மற்றது அட்டையின் சொந்தக் குறுக்கீடு. அட்டையைச் செருகியதும் எதுவுமே நடக்காமல், கணினியை மறுதுவக்கினால் மட்டும் தெரிந்தால், முதல் வகை வரவில்லை. செருகியதும் தெரிந்து, அதன்பின் வேலை செய்யாமல் இருந்தால் இரண்டாம் வகை. டேவிட் ஹிண்ட்ஸ் எழுதிப் பல ஆண்டுகள் பராமரித்த பிசிஎம்சிஐஏ-சிஎஸ் தொகுப்பில் இதைக் காதாலேயே அறியலாம். அதன் கார்டுமேனேஜர், அட்டை அடையாளம் காணப்பட்டு அமைக்கப்பட்டால் இரண்டு உச்ச ஒலி எழுப்பும். அடையாளம் கண்டும் அமைக்க முடியாவிட்டால் ஓர் உச்ச ஒலியும் ஒரு தாழ்ந்த ஒலியும். ஒலியே வராவிட்டால் நிலைமாற்றக் குறுக்கீட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு அந்தத் தொகுப்பில் மாற்று வழியும் இருந்தது. குறுக்கீட்டுக்குக் காத்திராமல் குறித்த இடைவெளியில் சாக்கெட்டைத் தானே போய்ப் பார்க்கும்படி அமைக்கலாம்.

16 பிட் அட்டையின் குறுக்கீடு பாலத்திலிருந்து வெளியேற மூன்று பாதைகள் உண்டு. தனித்தனி ஐஎஸ்ஏ கம்பிகள் ஒன்று. எல்லா எண்களையும் ஒரே கம்பியில் வரிசையாக அனுப்பும் தொடர் ஐஆர்க்யூ முறை இன்னொன்று. பாலத்தின் பிசிஐ ஊசி மூன்றாவது. எது உண்மையில் இணைக்கப்பட்டிருக்கிறது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். பாலத்தின் பல்பயன் ஊசிகளுக்கு எந்தப் பணி என்பதை பயாஸ் ஒரு ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லுகளில் அந்த ரிஜிஸ்டர் சுழியமாகவே விடப்பட்ட கணினிகள் ஏராளம். அப்போது பாலத்தின் பிசிஐ குறுக்கீடே வெளியே வராது.

மேசைக் கணினியில் பிசி கார்டு செருகுவதற்கான பிசிஐ அடாப்டர்கள் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. கம்பியில்லா நெட்வொர்க் பரவத் தொடங்கிய காலத்தில், ஓரினோகோ போன்ற 16 பிட் அட்டைகளை மேசைக் கணினியில் பொருத்த இவற்றைப் பலர் வாங்கினார்கள். அங்கே ஐஎஸ்ஏ கம்பிகளோ தொடர் கம்பியோ கிடையாது. பிசிஐ ஊசி ஒன்றே வழி. ஆனால் இயல்பு அமைப்பு மடிக்கணினியை மனத்தில் கொண்டு ஐஎஸ்ஏ எண் ஒன்றைத் தேடும். பழைய ஐ82365 இயக்கிக்குக் குறுக்கீட்டு முறையைச் சுழியம் என்று கொடுத்து, பிசிஐ ஊசியை மட்டும் பயன்படுத்தச் சொன்னதும் அட்டை உயிர்பெறும். பிந்தைய லினக்ஸ் இதைத் தானே செய்யக் கற்றது. யென்டா இயக்கி பாலத்தைச் சோதனைக் குறுக்கீடு ஒன்றை எழுப்ப வைக்கும். அது வந்து சேராவிட்டால் பல்பயன் ரிஜிஸ்டரைத் திருத்திப் பார்க்கும். முதலில் ஒரு வழி, பிறகு மற்ற வழி. எதிலும் வராவிட்டால் நிலைமையைச் சொல்லி, தெரிவிக்கும்படி பயனரைக் கேட்டுக்கொள்ளும். குறிப்பை நம்பாமல் அழைப்பு வந்ததா என்று பார்த்து முடிவெடுக்கும் இந்த முறைதான் சரியானது என்பேன்.

கார்ட்பஸ் அட்டைகளில் சிக்கல் ஒரு வகையில் எளிது. துளையிலிருந்து ஒரே ஒரு குறுக்கீட்டு ஊசிதான் வருகிறது. ஆகவே அட்டையில் எத்தனை சாதனங்கள் இருந்தாலும் எல்லாம் பாலத்தின் ஐஆர்க்யூ எண்ணையே பெற வேண்டும். சாதாரண பிசிஐ பாலங்களில் சாதன எண்ணைப் பொறுத்து ஊசிகள் சுழன்று மாறும் கணக்கு இங்கே பொருந்தாது. அட்டைக்கும் பாலத்துக்கும் வெவ்வேறு எண் தெரிந்தால் அங்கேயே தவறு பிடிபட்டுவிடும்.

எந்த வரிசையில் தேடுவது

குறுக்கீடு குற்றவாளிதானா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். வன்பொருள் முகவரி சரியாகத் தெரிந்தால் ரிஜிஸ்டர் வாசிப்பு நடக்கிறது, நினைவகச் சாளரமும் துறை எண்களும் சரி. முகவரி முழுக்க எஃப்எஃப் என்று வந்தால் சாளரம் வேறொன்றோடு மோதுகிறது. ஐஆர்க்யூவைத் தொட்டுப் பயனில்லை. எல்எஸ்-பிசிஐயில் அட்டையே தென்படாமல் பாலம் மட்டும் தெரிந்தால் பஸ் எண் ஒதுக்கீட்டைப் பார்க்க வேண்டும். பாலத்துக்குப் பின்னால் உள்ள பஸ்ஸுக்கு பயாஸ் போதிய எண் விடாத மடிக்கணினிகள் உண்டு. பஸ் ஒன்று மறைந்திருக்கிறது என்று கர்னலே எழுதி, எண்களை மறு ஒதுக்கீடு செய்யும் ‘பிசிஐ=அசைன்-பஸ்ஸஸ்’ அளபுருவைப் பரிந்துரைக்கும். இந்த இரண்டையும் குறுக்கீட்டுச் சிக்கல் என்று நினைத்துப் பல இரவுகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு எண்ணிக்கை. லினக்ஸில் ப்ராக் கோப்பகத்தின் இன்டரப்ட்ஸ் கோப்பு, பிஎஸ்டிகளில் விஎம்ஸ்டாட் கட்டளையின் ஐ விருப்பம். அட்டைக்கு வேலை கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அந்த வரியைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு மாற்றே இல்லை. எண்ணிக்கை அசையாமல் நின்றால் வழி அடைபட்டிருக்கிறது. ஒன்று கூடி நின்றுவிட்டால் விளிம்பு, மட்டக் குழப்பத்தைச் சந்தேகிக்கலாம். பகிரும் வரியென்றால் மற்ற சாதனம் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டிருக்கும் என்பதால் யுஎஸ்பி சுட்டி போன்றவற்றை அமைதியாக வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை வெறித்தனமாக ஏறினால் கதை வேறு. அட்டையின் குறுக்கீடு ஏதோ ஓர் எண்ணில் வந்து சேர்கிறது, ஆனால் அந்த எண்ணில் காத்திருக்கும் இயக்கிகளில் எதற்கும் அது உரியதில்லை. லினக்ஸ் ஒரு லட்சம் குறுக்கீடுகளை ஒரு தொகுதியாகக் கணக்கிடும். அதில் 99,900-க்கு மேல் யாரும் ஏற்காதவையாக இருந்தால், இதை யாரும் கவனிக்கவில்லை என்று எழுதி அந்த ஐஆர்க்யூவையே மூடிவிடும். பகிர்ந்துகொண்டிருந்த அப்பாவிச் சாதனங்களும் அதோடு நின்றுபோகும். கார்ட்பஸ் அட்டையைச் செருகியதும் யுஎஸ்பி விசைப்பலகை செத்துப்போகும் விநோதத்துக்கு இதுதான் காரணம். இந்தச் செய்தியை வெறும் தொல்லையாகப் பார்க்கக்கூடாது. அது விலைமதிப்புள்ள தகவல். கர்னல் அட்டைக்கு 10 என்று எழுதியிருக்க, அழைப்பு உண்மையில் 11-ல் வந்து விழுகிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி இதே நிலையில் குறுக்கீட்டுப் புயல் என்று அறிவித்து, அந்த மூலத்தின் வேகத்தை மட்டும் குறைக்கும்.

16 பிட் அட்டையாக இருந்தால் யென்டாவின் தொடக்கச் செய்தியில் ஐஎஸ்ஏ ஐஆர்க்யூ மாஸ்க் என்ற எண்ணைத் தேட வேண்டும். சோதனையில் உண்மையாக வந்து சேர்ந்த எண்களை அது பிட் பிட்டாகக் காட்டும். அது சுழியமென்றால் ஐஎஸ்ஏ வழி எதுவும் திறந்திருக்கவில்லை. அட்டை பிசிஐ எண்ணைத்தான் பகிர வேண்டும். சுழியமில்லை, ஆனால் கிடைத்த எண் வேறொரு பழைய சாதனத்தோடு மோதுகிறது என்றால், பிசிஎம்சிஐஏ-சிஎஸ் காலத்தில் அமைப்புக் கோப்பில் அந்த எண்ணை விலக்கி ஒரு வரி எழுதினால் போதும். தோஷிபா மடிக்கணினிகளின் பயாஸில் பிசி கார்டு கட்டுப்படுத்தியின் முறையைத் தேர்ந்தெடுக்கும் வரி உண்டு. பழைய பிசிஐசி இணக்கம், கார்ட்பஸ், தானியங்கி என்று மூன்று நிலை. தானியங்கியில் குழம்பும் அட்டைகள் கார்ட்பஸ் நிலையில் ஒழுங்காக நடக்கும்.

தூக்கத்திலிருந்து எழுந்த பின் மட்டும் வரும் சிக்கலைத் தனியாக வைக்க வேண்டும். நினைவகத்தில் உறங்கும்போது வழிப்படுத்தியின் ரிஜிஸ்டர்களும் பாலத்தின் பல்பயன் ரிஜிஸ்டரும் மின்சாரம் இழக்கின்றன. எழும்போது பயாஸ் அவற்றை மீட்கும் என்று நம்ப முடியாது. கர்னல்தான் சேமித்து வைத்து மறுபடி எழுத வேண்டும். இன்றைய லினக்ஸ் ஏசிபிஐ இணைப்புகளை எழும்போது மறுபடி அமைக்கிறது.

பிஎஸ்டி குடும்பம் கொடுத்த பிடிகள்

ஃப்ரீபிஎஸ்டி 4 வரிசையில் பிசிஐசி இயக்கிக்குக் குறுக்கீட்டுப் பாதை என்று ஒரு மாறி இருந்தது. 1 என்றால் ஐஎஸ்ஏ, 2 என்றால் பிசிஐ. பயனரே பாதையைச் சொல்லலாம் என்பது நல்ல வடிவமைப்பு. 5-ல் வந்த நியூகார்டு அமைப்பு, கார்ட்பஸ் பாலங்களில் எல்லா அட்டைகளுக்கும் பிசிஐ வழியே என்று முடிவெடுத்தது. பெரும்பாலான கணினிகளுக்கு அது சரியாகவே அமைந்தது. அதைவிடப் பயனுள்ளது, துவக்கியில் ஒவ்வோர் இணைப்புக்கும் எண்ணை நேரடியாகக் கொடுக்கும் வசதி. எல்என்கேஏ இணைப்புக்கு 10 என்று லோடர் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் கர்னல் அதை ஏற்கும். குறிப்பிட்ட சாதனத்தின் குறிப்பிட்ட ஊசிக்கும் இப்படிச் சொல்லலாம்.

நெட்பிஎஸ்டியில் பிசிஐ பயாஸ் திருத்தங்கள் கர்னலைக் கட்டும்போது தேர்வுசெய்யும் விருப்பங்களாக இருந்தன. ஐஎஸ்ஏ எண்களில் எவற்றை அட்டைகளுக்குத் தரலாம் என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும். மறுபடி கட்டும் பொறுமை உள்ளவருக்கு ஏற்றது. ஓபன்பிஎஸ்டி, துவக்க வரியில் சி விருப்பம் கொடுத்து நுழையும் திருத்தியில் பிசிபயாஸ் இயக்கியின் கொடிகளை மாற்றவோ அதை முடக்கவோ விடுகிறது. கர்னலைக் கட்டாமல் சோதிக்க இது வசதி.

கம்பி போன பிறகு

எக்ஸ்பிரஸ்கார்டு வரையறை 2003-ல் வந்தது. உள்ளே பிசிஐ எக்ஸ்பிரஸ். இங்கே குறுக்கீட்டுக்குக் கம்பியே இல்லை. பழைய ஊசிகளை நடிக்கும் செய்திகள் உண்டு, எழுப்பு என்றும் இறக்கு என்றும் இரண்டு செய்திகள். அவை கடைசியில் பழைய வழிப்படுத்தியிடமே போய்ச் சேர்வதால் பழைய நோய்களும் அப்படியே வரும். உண்மையான விடுதலை எம்எஸ்ஐ. 1998-ன் பிசிஐ 2.2 வரையறையிலேயே வந்த முறை இது. சாதனம் குறித்த ஒரு முகவரியில் ஒரு சிறு எண்ணை எழுதுகிறது, அந்த எழுத்தே குறுக்கீடாகிறது. வழிப்பட்டியல் தேவையில்லை, பகிர்வு இல்லை. பின்னால் வந்த எம்எஸ்ஐ-எக்ஸ் ஒரு சாதனத்துக்கு 2048 வரை தனிக் குறுக்கீடுகளை அனுமதிக்கிறது.

சில சில்லுத் தொகுதிகள் இதிலும் தடுமாறின. லினக்ஸ் அவற்றை அடையாளம் கண்டு எம்எஸ்ஐயை முடக்குகிறது. பயனரும் ‘பிசிஐ=நோஎம்எஸ்ஐ’ கொடுத்துச் சோதிக்கலாம். செருகல், பிடுங்கலை அறிவிக்கும் குறுக்கீடு தனி என்பதும் தொடர்கிறது. எக்ஸ்பிரஸ்கார்டைச் செருகியும் எதுவும் நடக்காவிட்டால் பிசிஐஈஎச்பி இயக்கியைக் குறுக்கீட்டுக்குக் காத்திராமல் தானே பார்க்கும் நிலையில் வைத்துச் சோதிக்கலாம். டேவிட் ஹிண்ட்ஸின் தொகுப்பில் இருந்த அதே உத்தி. தண்டர்போல்டில் கவலை பாதுகாப்பு பற்றியது. நினைவகத்தில் எழுதக்கூடிய எந்தச் சாதனமும் குறுக்கீட்டைப் போலியாக உருவாக்க முடியும் என்பதால், செயலியின் குறுக்கீட்டு மறுவழிப்படுத்தல் வசதி ஒவ்வொன்றையும் சரிபார்க்கிறது. பயாஸ் தரும் அட்டவணை தவறாக இருந்தால் நேர்மையான சாதனத்தின் அழைப்பும் அங்கே தடுக்கப்படும். ஆக, தயாரிப்பாளர் எழுதிக்கொடுத்த குறிப்பை நம்ப வேண்டிய நிலை இன்னும் முடியவில்லை.

அளபுருக்களைப் பற்றி

‘ஏசிபிஐ=நோஐஆர்க்யூ’, ‘பிசிஐ=நோஏசிபிஐ’, ‘நோஏபிக்’, ‘ஐஆர்க்யூபோல்’. இந்தப் பெயர்களை மந்திரம் போல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் நீண்டகாலமாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வரியில் சேர்த்துக் கொடுத்து, அட்டை வேலை செய்ததும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. இவை ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. ஏசிபிஐ வழிப்படுத்தலை மட்டும் விலக்கியதும் அட்டை நடந்தால் பயாஸின் ஏசிபிஐ அட்டவணை தவறு. 8259-க்குப் பதிலாக இயங்கும் ஐஓ-ஏபிக் சில்லை விலக்கியதும் நடந்தால் அந்தச் சில்லுக்கான ஊசிக் கணக்கு தவறு. ஐஆர்க்யூபோல், உரிமை கோரப்படாத குறுக்கீடு வரும்போதெல்லாம் பதிவான எல்லா இயக்கிகளையும் எழுப்பிக் கேட்கிறது. கணினி உயிரோடு இருக்கும், வேகம் குறையும். நோயைச் சுட்டும், ஆற்றாது. ஒவ்வொன்றாகக் கொடுத்தால்தான் பதில் கிடைக்கும்.

அந்தப் பதிலை கர்னல் பராமரிப்பாளர்களிடம் சேர்த்தால் அது நிரந்தரத் தீர்வாக முடியும். கணினியின் மாதிரிப் பெயரைக் கண்டதும் சரியான வழியைத் தேர்ந்தெடுக்கும் சில வரிகள் கர்னலில் சேரும். அடுத்து அதே மடிக்கணினியை வாங்குபவர் எந்த அளபுருவையும் தேட வேண்டியிருக்காது. பழைய அட்டைகளின் இயக்கிகள் பல லினக்ஸிலிருந்து அண்மை ஆண்டுகளில் நீக்கப்பட்டு வருவதால், பிசி கார்டு அட்டைகளைப் பயன்படுத்துபவர்கள் தங்கள் இருப்பைச் சொல்வது இப்போது இன்னும் அவசியம். யாரும் பயன்படுத்தவில்லை என்று தோன்றும் குறியீடுதான் முதலில் போகும்.

ஆகவே, அட்டை ஓர் அளபுருவால் உயிர்பெற்றால் அத்தோடு நிற்காதீர்கள். அளபுரு இல்லாமல் ஒருமுறை, அதோடு ஒருமுறை என இரண்டு துவக்கங்களின் டிமெஸ்க் வெளியீடு, எல்எஸ்-பிசிஐயின் விரிவான பட்டியல், இன்டரப்ட்ஸ் கோப்பின் இரண்டு பிரதிகள், ஏசிபிஐ அட்டவணைகளின் நகல் ஆகியவற்றைச் சேர்த்து, பயாஸ் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, அந்த வாரத்துக்குள் கர்னலின் பிழைப் பதிவேட்டில் இட்டுவிடுங்கள்.